கடையை மூடியவர்கள் பெண்கள்... திறந்தவர்கள் யார்?

1992ஆம் ஆண்டு. ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டம். சாராயக் கடைகளுக்கு ஏலம் விட அரசு நாள் குறிக்கிறது. அதிகாரிகள் தயார். குத்தகைதாரர்களும் பணத்துடன் தயார். ஆனால் ஏலம் மட்டும் நடக்கவில்லை.

காரணம், வழியை மறித்து நின்றவர்கள் பெண்கள்!

வேறொரு நாள் குறித்தார்கள். அன்றும் பெண்கள் வந்தார்கள். மீண்டும் ஒரு நாள்... மீண்டும் பெண்கள். ஒரு முறை, இரண்டு முறை அல்ல. 17 முறை ஏலம் தள்ளிப்போனது. கட்சிக் கொடி பிடித்துப் பழகியவர்கள் அல்ல அவர்கள். வயலில் நாற்று நட்டவர்கள், கல் உடைத்தவர்கள், கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்கள்.

ஒரு மாநில அரசின் கஜானாவுக்குப் போகும் பாதையை மறித்து நின்ற அந்தப் பெண்கள் வென்றார்களா, தோற்றார்களா? இரண்டும் உண்மை. வென்றார்கள், வென்றதைப் பிறகு இழந்தார்கள். எப்படி வென்றார்கள் என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எப்படி இழந்தார்கள் என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. தமிழகத்துப் பெண்களுக்குப் பாடம் இருப்பது அங்கேதான்.

இரவுப் பள்ளியில் பிறந்த போராட்டம்

நெல்லூர் நமக்குத் தூர தேசம் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்துக்கு வடக்கே, அருகில் உள்ள பூமி. நம் ஊர்களில் அறிவொளி இயக்கம் நடந்த அதே காலத்தில், 1990களின் தொடக்கத்தில், அங்கேயும் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள் பெண்கள்.

எழுத்து மட்டும் கற்றிருந்தால் அரசுக்குச் சிக்கல் இருந்திருக்காது. கற்கும்போதே பேசினார்கள். 'நம் வீட்டில் ஏன் காசு தங்கவில்லை? நம் பிள்ளை ஏன் பள்ளிக்குப் போகவில்லை? இராத்திரி ஆனால் ஏன் அடி விழுகிறது?' என்று ஒருத்தி கேட்க, மற்றவள் தன் கதையைச் சொன்னாள். எல்லாக் கதையும் போய் நின்ற இடம் ஒன்றே: சாராயக் கடை!

தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் ஊர்க் கடையை மூட வைத்தார்கள். அவர்களின் முன்னணியில் நின்றவராக இன்றும் நினைவுகூரப்படுபவர் தூபகுண்டா ரோசம்மா. 2016இல் அவர் காலமானார். அந்த ஊரின் அனுபவம் எழுத்தறிவுப் பாடமாகவே மற்ற கிராமங்களுக்குப் போனது. பாடத்தைப் படித்த பெண்கள், 'அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?' என்று எழுந்தார்கள். துடைப்பமும் மிளகாய்த் தூளும் ஆயுதங்களாயின. ஊருக்குள் வந்த சாராயப் பாக்கெட்டுகள் தெருவில் கொட்டிக் கொளுத்தப்பட்டன.

சுமார் 5,000 கிராமங்களில் பெண்கள் கூடினார்கள். மதுவிலக்கு வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினார்கள். கவனியுங்கள்! வெறும் கோபமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். அவர்கள் தீர்மானம் எழுதினார்கள். கையொப்பம் போடக் கற்றுக்கொண்ட அதே விரலால் அரசுக்குக் கோரிக்கை வைத்தார்கள்.

கடையை அல்ல, ஏலத்தைத் தடுத்தார்கள்

இந்தப் போராட்டத்தின் நுட்பம் என்ன தெரியுமா?

ஒரு கடையை மூடினால் அடுத்த தெருவில் இன்னொரு கடை முளைக்கும். குடிப்பவனைத் திருத்தினால் நாளை அவன் நண்பன் இழுத்துக்கொண்டு போவான். ஆனால் ஏலம் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பகுதியில் சாராயம் விற்கும் உரிமை இன்னாருக்கு என்று அரசு கொடுக்கும் அனுமதி அது. அந்த ஏலம் நடக்காவிட்டால் சட்டப்படி யாரும் கடை போட முடியாது.

குடி என்பது குடிப்பவனின் பலவீனம் மட்டும் அல்ல, அது அரசு நடத்தும் வியாபாரம் என்பதை நெல்லூர்ப் பெண்கள் கண்டுகொண்டார்கள். 1980களில் 'வாருணி வாஹினி' என்ற பெயரில் சாராயத்தைப் பாக்கெட்டில் அடைத்துக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த திட்டமே அரசின் திட்டம்தான். குத்தகைதாரர், அரசியல்வாதி, அடியாள் என்று ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஏலம். அங்கே கை வைத்தார்கள்.

அடுத்தடுத்து நடந்தவை வரலாறு. போராட்டம் மாவட்டம் தாண்டிப் பரவியது. தெலுங்குப் பத்திரிகையான 'ஈநாடு' பக்கம் பக்கமாகச் செய்தி வெளியிட்டது. எதிர்க்கட்சிகள் ஓடி வந்தன. கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி தலைமையிலான காங்கிரஸ் அரசு 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயத்தைத் தடை செய்தது. 1994 தேர்தலில் தெலுங்கு தேசம் கட்சித் தலைவர் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கு வாக்குறுதியுடன் வந்தார். பெண்கள் வாக்குகளை அள்ளித் தந்தார்கள். டிசம்பரில் முதல்வராகப் பதவியேற்ற மேடையிலேயே மதுவிலக்குக் கோப்பில் கையெழுத்திட்டார். 1995 ஜனவரி 16 முதல் ஆந்திராவில் முழு மதுவிலக்கு!

'வாருணி வாஹினி' திட்டம் வந்தது எந்த ஆட்சியில்? இதே என்.டி.ஆரின் முந்தைய ஆட்சியில்தான்! சாராயத்தை வீட்டு வாசலுக்கு அனுப்பிய தலைவரையே மதுவிலக்கில் கையெழுத்திட வைத்தது இரவுப் பள்ளிக்கூடம். அடித்தட்டுப் பெண்கள் ஒன்றுபட்டால் எவ்வளவு உயரத்துக்கு அவர்கள் குரல் எட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வந்தது போலவே போனது

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1995 செப்டம்பரில் என்.டி.ஆர். ஆட்சியை இழந்தார். அவரது மருமகன் சந்திரபாபு நாயுடு முதல்வரானார். கஜானா காலி என்ற பேச்சு எழுந்தது. ஒரு பக்கம் கிலோ 2 ரூபாய் அரிசிக்கு மானியம், மறுபக்கம் மது வருமானம் இல்லை. எப்படிச் சமாளிப்பது என்றார்கள். அண்டை மாநிலத்திலிருந்து சரக்கு கடத்தப்படுகிறது, கள்ளச்சாராயம் பெருகுகிறது என்றார்கள். 1997இல் முழு மதுவிலக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. இரண்டே கால் ஆண்டுதான் அதன் ஆயுள்!

விலக்கிக்கொள்ளும் முன் அந்த 5,000 கிராமத்துப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? 'நீங்கள் கேட்டு நாங்கள் கொண்டுவந்த சட்டம் இது. இப்போது எடுக்கப் போகிறோம், உங்கள் கருத்து என்ன?' என்று ஒரு கிராமத்திலாவது கூட்டம் போட்டார்களா? கொண்டுவருவதற்குப் பெண்களின் வாக்கு தேவைப்பட்டது. எடுப்பதற்கு அது தேவைப்படவில்லை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1993இல் வந்த சாராயத் தடை மட்டும் தொடர்ந்தது. மேலே இருந்து தரப்பட்ட முழு மதுவிலக்கு போனது. சாராயத்தின் இடத்துக்கு அரசின் முத்திரையுடன் பாட்டிலில் அடைத்த சீமைச் சரக்கு வந்தது. பெயர் மாறியது, கூலிப் பணம் போகும் இடம் மாறவில்லை. 2019 தேர்தலில் ஆந்திராவில் மீண்டும் படிப்படியான மதுவிலக்கு என்ற வாக்குறுதி. ஆட்சிக்கு வந்தவர்கள் அரசே கடை நடத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 2024இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் தனியார் கடைகள். இந்த முப்பதாண்டு வியாபாரத்தில் பெண்களுக்குக் கிடைத்தது வாக்குறுதி. கட்சிகளுக்குக் கிடைத்தது வாக்கு.

சந்திராப்பூரிலும் இதே கதை

ஆந்திராவில் மட்டும் நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம்.

மகாராஷ்டிராவின் சந்திராப்பூர் மாவட்டத்தில் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நூற்றுக்கணக்கான கிராம சபைகளில் மதுவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது. 2010 டிசம்பரில் சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நாகபுரியில் நடந்தபோது, சிமூரிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் நடந்தே நாகபுரிக்குப் போனார்கள். அரசு குழு அமைத்தது. காத்திருந்தார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 2021இல் அமைச்சரவை கூடியது, தடையை நீக்கியது. சொல்லப்பட்ட காரணங்கள் பழையவைதாம். கள்ளச்சாராயம், கடத்தல், குற்றம்.

நடந்தே போய்ப் பெற்றதை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்துவிட்டார்கள்!

பீகாரில் வேறு விதமான பாடம். 2015 ஜூலையில் பாட்னாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம். அங்கே பெண்கள் எழுந்து மதுக்கடைகளை மூடச் சொல்லி முதல்வர் நிதிஷ் குமாரிடம் கேட்டார்கள். அவர் வாக்குக் கொடுத்தார். 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் சட்டத்தை எழுதியது யார்? கேட்ட பெண்கள் அல்ல. குடித்தவனுக்குச் சிறை, வீட்டில் மது இருந்தால் வீட்டாருக்கும் பொறுப்பு என்று கடுமையான பிரிவுகளைப் போட்டார்கள். சிறை நிரம்பியது. நிரப்பியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். கடையை மூடுங்கள் என்று கேட்ட பெண், கணவனை ஜாமீனில் எடுக்க நீதிமன்ற வாசலில் நிற்கும்படி ஆனது. பிறகு 2018இலும் 2022இலும் சட்டத்தைத் திருத்தித் தளர்த்த வேண்டியதாயிற்று.

ஆக, மூன்று மாநிலங்கள் சொல்லும் செய்தி ஒன்றே. பெண்களின் போராட்டம் அரசை அசைக்கிறது. ஆனால் அசைந்த அரசு சட்டம் எழுத உட்காரும்போது அந்த அறையில் அந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் இல்லாத அறையில் எழுதப்பட்டது, அவர்கள் இல்லாத அறையிலேயே அழிக்கப்படுகிறது.

நம் கதை என்ன?

மது, மாநில அரசின் அதிகாரப் பட்டியலில் உள்ள விஷயம். டெல்லியைக் குறை சொல்லித் தப்ப முடியாது. மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. அதைச் செய்வதும் செய்யாமல் விடுவதும் மாநிலத் தலைநகரில் தீர்மானிக்கப்படுகிறது.

தமிழகத்தில் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 1971இல் கலைஞர் ஆட்சியில் ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் போனது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லை என்றால் காத்திருக்கும் அரசு, கடைக்கு விற்பனையாளர் இல்லாமல் ஒரு நாள் விட்டதுண்டா? 2023-24ஆம் நிதியாண்டில் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வருவதும் போவதுமாக இருந்த இந்தச் சட்டத்தில், ஒரு முறையாவது பெண்களின் சம்மதம் கேட்டதுண்டா?

நம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரம் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளை ஊருக்குள் கொண்டுவந்து திறக்க முயன்றபோது மாவட்டம் மாவட்டமாகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கடை முன் சமைத்து உட்கார்ந்தார்கள். தடியடி வாங்கினார்கள். வழக்குகளைச் சுமந்தார்கள். பல ஊர்களில் கடை வரவில்லை. ஆனால் அடுத்த ஊருக்குப் போனது. அந்த ஊர்ப் பெண்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

2016இல் 500 கடைகள் மூடப்பட்டன. 2017இல் 500. 2023இல் 500. எண்ணிக்கையைச் சொல்லி ஆட்சியாளர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். எந்த 500 என்று முடிவு செய்தது யார்? அதிகாரிகள்! எந்தக் கடை எந்தக் குடும்பத்தை அழிக்கிறது என்று அந்தத் தெருவில் வாழும் பெண்ணுக்குத் தெரியாதா?

2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளைப் பாருங்கள். வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் நகரப் பகுதிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டுமாம். சரி, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தூரம் வைத்தார்கள். அந்தத் தெருவின் பெண்கள் வேண்டாம் என்று வாக்களித்தால் கடை கூடாது என்று ஒரு வரி வைக்கத் தோன்றவில்லை!

'கள்ளச்சாராயம் வருமே' என்ற கேள்வி

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகாதா? உயிர்ப்பலி ஆகாதா?

ஆகலாம். மறுக்க மாட்டோம். ஆனால் கடைகள் திறந்திருந்த தமிழகத்தில்தானே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின! அரசு விற்கும் சரக்கை வாங்கப் பணம் இல்லாத ஏழை, மலிவான நஞ்சைத் தேடிப் போனான். கடை இருந்தால் கள்ளச்சாராயம் இருக்காது என்பது உண்மை அல்ல. கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மை அல்ல. காவல்துறை நேர்மையாக இருக்கிறதா, மறுவாழ்வு மருத்துவம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

நாம் கேட்பது அதற்கும் முந்தைய கேள்வி. என் தெருவில் இந்தக் கடை இருக்கலாமா, கூடாதா? இதை முடிவு செய்வது யார்? இலாபம் பார்ப்பவரா, இழப்பைச் சுமப்பவரா?

அதிகாரம் கைக்கு வர வேண்டும்

இதற்கு வழி இருக்கிறது. சந்திராப்பூரில் பெண்களைக் கைவிட்ட அதே மகாராஷ்டிரா, இன்னொரு இடத்தில் வழி காட்டுகிறது.

2008ஆம் ஆண்டு அரசாணைப்படி அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு கிராமத்தின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கையெழுத்திட்டுக் கேட்டால், அரசு இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படங்கள்: நிமிர்ந்து நிற்கும் பாட்டில், படுத்துக் கிடக்கும் பாட்டில். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படுத்த பாட்டிலுக்கு வாக்களித்தால் கடையை மூடியாக வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டியும் வாக்களிக்கலாம். கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாக்களிக்கலாம். அங்கே எத்தனையோ ஊர்ப் பெண்கள் இப்படிப் பாட்டிலைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

இதிலும் குறை உண்டு. வராத பெண்ணின் வாக்கும் கடைக்குச் சாதகமாகவே முடியும். வாக்கெடுப்பு நாளில் வேலைக்குப் போனவள், மிரட்டப்பட்டவள், வெளியூர் போனவள் எல்லோரும் கடை வேண்டும் என்றவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அடிப்படை சரியானது. கெஞ்சும் இடத்திலிருந்து பெண்ணைத் தீர்மானிக்கும் இடத்துக்கு அது நகர்த்துகிறது. அமைச்சர் மாறினாலும், கஜானா காலியானாலும் அந்த ஊர்ப் பெண்களின் உரிமை அந்த ஊரிலேயே இருக்கும்.

தமிழகப் பெண்கள் கேட்க வேண்டியது இதைத்தான். 'ஐந்நூறு கடையை மூடுங்கள்' என்பது தருமம் கேட்பது. 'மூடும் அதிகாரத்தை எங்களுக்குத் தாருங்கள்' என்பது உரிமை கேட்பது.

எப்படிக் கேட்பது?

மறியல் மட்டும் போதாது. மாநில அரசு எந்த நாளில், எந்த இடத்தில், எந்தத் தாளில் முடிவு எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெல்லூர்ப் பெண்கள் ஏல நாளைத் தெரிந்துகொண்டது போல!

முதலில் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடும் சபை அது. அங்கே பெண்கள் கூட்டமாகப் போய் உட்கார வேண்டும். தீர்மானத்தை எழுத்தில் பதிவு செய்ய வைக்க வேண்டும். நகல் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். தீர்மானத்துக்கு என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும். 2005இலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் செலவு!

அடுத்தது சட்டமன்றம். ஒவ்வோர் ஆண்டும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வருகிறது. அந்தத் துறைக்குப் பெயர் மதுவிலக்கு. வேலை மது வருமானம்! அந்த விவாதத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் தொகுதி உறுப்பினரின் வீட்டுக்குப் பத்துப் பெண்கள் போங்கள். மாலையும் சால்வையும் வேண்டாம். தீர்மான நகல்களைக் கொடுங்கள். 'பெண்கள் வாக்கெடுப்புச் சட்டம் வேண்டும் என்று அவையில் பேசுவீர்களா, மாட்டீர்களா?' என்று கேளுங்கள். பேசினாரா என்று அவைக் குறிப்பில் பாருங்கள். பேசாவிட்டால் தேர்தலில் ஞாபகப்படுத்துங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரிடம் மட்டும் அல்ல, எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் கேளுங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது மதுவிலக்கு பேசியவர்கள் ஆளுங்கட்சியானதும் என்ன செய்தார்கள் என்பதை நாடு பார்த்திருக்கிறது.

மூன்றாவது, உள்ளாட்சி. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. தமிழகத்தில் அதைப் பாதியாக உயர்த்த 2016இல் சட்டம் செய்யப்பட்டது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கணவர் கையெழுத்துப் போடும் ஊர்கள் எத்தனை! அந்த நாற்காலியை உண்மையான நாற்காலியாக்குவதும் இந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டத்தை 2023இல் நிறைவேற்றினார்கள். அதிலும் கணக்கெடுப்பு முடியட்டும், தொகுதி மறுவரையறை முடியட்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கொடுக்கும்போதே தள்ளிவைத்துக் கொடுப்பது அரசுகளுக்குக் கைவந்த கலை!

நமக்கும் ஒரு வார்த்தை

'நமக்குத்தான் மது ஹராம் ஆயிற்றே, இது நம் பிரச்சினையா?' என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை நம் மஹல்லாவை ஒட்டிய கடையின் வரிசையை எட்டிப் பார்க்கட்டும். யாருடைய பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். நம் வீடுகளில் குடியால் அடி வாங்கும் பெண் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறாள். குடிப்பதே குற்றம் என்ற சமுதாயத்தில், என் கணவன் குடிக்கிறான் என்று சொல்வதே அவமானம் என்று அவளுக்குப் படுகிறது. அதனால் இரட்டைச் சுமை.

அப்படியும், நம் பொதுக்கூட்ட மேடைகளில் பெண்களின் பிரச்சினையைப் பேசுபவர்கள் யார்? ஆண்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணின் வழக்கைத் தீர்ப்பவர்கள் யார்? ஆண்கள். 'பெண்கள் இல்லாத அறையில் சட்டம் எழுதுகிறார்கள்' என்று அரசை நோக்கி நாம் விரல் நீட்டினால், மற்ற விரல்கள் நம்மை நோக்கி நிற்பதையும் பார்க்க வேண்டாமா? கேட்க வேண்டியதை முதலில் நம் வீட்டிலும் நம் ஊரிலும் செய்து காட்டுவோம். அப்போதுதான் கோட்டையில் நம் குரலுக்கு எடை இருக்கும்.

நெல்லூர்ப் பெண்கள் தங்கள் ஊரில் எழுத்துக் கற்றார்கள். பிறகு ஏலத்தைத் தடுத்தார்கள். பிறகு ஓர் ஆட்சியை அசைத்தார்கள். அவர்களால் செய்ய முடியாமல் போனது ஒன்றுதான்: பெற்றதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைச் சட்டமாக வாங்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

நமக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கப் போகிறோமா?

சகோதரிகளே! அடுத்த கிராம சபைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று உங்கள் ஊரில் எத்தனை பெண்கள் வருவார்கள்?